வெட்டியெடுத்ததில் பிறந்த அழகு

பழைய புல்லட் ஒன்றை கஃபே ரேசராக, அதாவது தாழ்ந்த ஹேண்டிலும் ஒற்றை சீட்டும் வைத்த பழைய பாணி வேக வண்டியாக, மாற்றும் வேலையின் முதல் நாளை ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சீட், பின் மட்கார்டு, டூல் பாக்ஸ், ஏர் ஃபில்டர் டப்பா எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பியாகிவிட்டது. நடு ஸ்டாண்டில் வண்டி எலும்பும் இன்ஜினுமாக நிற்கிறது. மெக்கானிக், உதவிக்கு இருக்கும் பையனிடம் நீளமான அலுமினியப் பட்டை ஒன்றைக் கொடுத்து, டேங்கின் அடிவிளிம்பை ஒட்டிப் பின் சக்கரம் வரை நீட்டிப் பிடிக்கச் சொல்கிறார். பத்தடி தள்ளிப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். "பின்னாடி அர வெரக்கட எறக்கு" என்கிறார். மறுபடி பார்க்கிறார். இப்படி ஐந்தாறு தடவை ஏற்றி இறக்கிய பிறகுதான் ஃப்ரேமின் பின்குழாயில் சாக்பீஸால் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டில்தான் மறுநாள் கிரைண்டர் இறங்கியது.

டேங்கின் அடியில் தொடங்கி சீட்டின் அடி வழியாகப் பின்னால் போகும் அந்த நேர்கோட்டை கஸ்டம் வண்டி செய்கிறவர்கள், அதாவது கம்பெனி வண்டியை இஷ்டப்படி மாற்றிக் கட்டுகிறவர்கள், 'போன் லைன்' என்பார்கள். எலும்புக் கோடு. உலகம் முழுக்க ரெட்ரோ, அதாவது பழைய பாணி, வண்டி கட்டுகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்றைய ஸ்போர்ட்ஸ் பைக்கில் கோடுகள் எல்லாம் வால் தூக்கி மூக்கு இறங்கிப் பாயும் நிலையில் இருக்கும். நிற்கும்போதே ஓடுகிற பாவனை. 1950, 60களின் வண்டியில் டேங்க், சீட், மட்கார்டு எல்லாம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். இரண்டு சக்கரம், நடுவில் இன்ஜின், மேலே ஒரு கோடு. குழந்தையை பைக் வரையச் சொன்னால் இதைத்தான் வரையும்.

இந்த வடிவம் இப்போது எங்கும் நிற்கிறது. ஷோரூமிலும் இருக்கிறது, தெருமுனைப் பட்டறையிலும் இருக்கிறது. பழசின் மேல் உள்ள ஏக்கம் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு 1960களைப் பற்றி என்ன ஏக்கம் இருக்க முடியும்? அவனுடைய அப்பாவே அப்போது பிறந்திருக்க மாட்டார். காரணம் வேறு என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல இந்த வடிவங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும்.

இவற்றில் எதையும் ஒரு டிசைனர் மேஜையில் உட்கார்ந்து வரைந்து தொடங்கவில்லை. யாரோ ஒருவருக்கு ஒரு தேவை இருந்தது, கையில் காசு இல்லை, ரம்பம் இருந்தது.

அமெரிக்காவில் 1930களிலும் 40களிலும் ஓடிய ஹார்லி, 'இந்தியன்' என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் வண்டிகள் கனமானவை. முன்னும் பின்னும் சக்கரத்தைப் பாதி மூடும் பெரிய மட்கார்டுகள். வேகம் வேண்டியவர்கள் முன் மட்கார்டைக் கழற்றி வீசினார்கள், பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டினார்கள். குதிரையின் வாலைக் குட்டையாக நறுக்குவதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'பாப்' என்ற சொல்லே இதற்கும் ஒட்டிக்கொண்டது: பாபர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்துக்காகச் செய்த ஹார்லி வண்டிகள் மலிவாக வெளியே வந்தன. போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் அவற்றை வாங்கி, தேவையில்லாத எடையை எல்லாம் கழித்தார்கள். அதே வழியில் இன்னும் தூரம் போய் 1960களில் கலிஃபோர்னியாவில் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயை, நீட்டி முன்சக்கரத்தைத் தள்ளி வைத்தபோது சாப்பர் பிறந்தது. ஸ்கிராம்ப்ளரும் தேவையில் வந்ததுதான். சாலை வண்டியை வயல்காட்டிலும் ஆற்றுப்படுகையிலும் ஓட்ட வேண்டியிருந்தது; கல்லிலும் தண்ணீரிலும் படாமல் இருக்க சைலன்சரை மேலே தூக்கிக் கட்டினார்கள். இன்று அலங்காரமாகத் தெரியும் அந்த உயரமான சைலன்சருக்கு வேலை அவ்வளவுதான்.

கஃபே ரேசரின் கதை இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது.

லண்டனின் வடக்குச் சுற்றுச் சாலையில் 1938-ல் ஏஸ் கஃபே என்று ஒரு கடை வந்தது. லாரி ஓட்டுநர்கள் நின்று டீ குடித்துப் போகும் இடம். போரில் குண்டு விழுந்து சிதைந்து, 1949-ல் மறுபடி கட்டினார்கள். ஐம்பதுகளில் அங்கே தோல் ஜாக்கெட் போட்ட இளைஞர்கள் பைக்குகளோடு கூட ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், அதைத் தொட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கனவு. அன்றைக்குக் கடையில் வாங்கும் வண்டிகளில் பெரும்பாலானவை சுலபத்தில் அந்த வேகத்தைத் தொடாது. ரேஸ் வண்டி வாங்கக் காசு கிடையாது. ஆக, இருக்கிற வண்டியை ரேஸ் வண்டியாக்க வேண்டும்.

இன்று நாம் ஸ்டைல் என்று சொல்லும் ஒவ்வொன்றும் இங்கே ஒரு காரணத்தோடு வந்தது. ஃபோர்க் குழாயிலேயே தாழ்வாகக் கவ்விப் பிடிக்கும் கிளிப்-ஆன் ஹேண்டில், ஓட்டுபவர் குனிந்து படுத்தால் காற்று தடுக்காது என்பதற்காக. அப்படிப் படுத்தால் கால் முன்னால் இருக்கக் கூடாது, அதனால் ஃபுட்ரெஸ்ட் பின்னுக்கும் மேலுக்கும் போனது. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது தரையில் உரசாது என்பது கூடுதல் லாபம். நீளமான டேங்கின் இருபக்கமும் குழி, முழங்காலை அணைத்துக்கொள்ள. ஒற்றை சீட்டின் பின்னால் திமில் போல ஒரு மேடு, ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது பின்னால் சறுக்கிப் போகாமல் இருக்க.

இவர்களின் உச்சம் ட்ரைட்டன். ட்ரையம்ஃப், நார்ட்டன் இரண்டும் ஆங்கில பைக் கம்பெனிகள்; ட்ரையம்ஃப் இன்ஜினை நார்ட்டன் ஃப்ரேமில் உட்கார வைத்த வண்டி. இரண்டு பெயரையும் சேர்த்துச் செய்த பெயர். ட்ரையம்ஃபின் இரட்டை சிலிண்டர் இன்ஜினுக்குச் சக்தி அதிகம். நார்ட்டனிடம் பெல்ஃபாஸ்ட் நகரத்து மக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் வடிவமைத்த ஃப்ரேம் இருந்தது. 1950-ல் ரேஸுக்கு வந்தபோது அதை ஓட்டிய வீரர் ஹரோல்ட் டேனியல், இறகு மெத்தையில் போவது மாதிரி இருக்கிறது என்றார். ஃபெதர்பெட் என்பதே அதன் பெயராகிவிட்டது. இந்த இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்ததற்கு ஒரு விசித்திரமான காரணமும் உண்டு. அப்போது 500 சிசி இன்ஜின் வைத்த குட்டிக் கார்களுக்கு ரேஸ் நடந்தது. அந்தக் கார்களுக்கு மேங்க்ஸ் என்ற நார்ட்டன் ரேஸ் பைக்கின் இன்ஜின் தேவைப்பட்டது. கம்பெனியோ இன்ஜினைத் தனியாக விற்காது. கார் ரேஸ்காரர்கள் முழு பைக்கையும் வாங்கி, இன்ஜினை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்றார்கள். இன்ஜின் இல்லாத அருமையான ஃப்ரேம்கள் இப்படிச் சந்தைக்கு வந்தன. ட்ரையம்ஃப் வைத்திருந்த பையன்களுக்கு அது போதாதா?

இந்த உத்வேகத்தை முதலில் சரியாகப் புரிந்துகொண்ட கம்பெனிகளில் ஒன்று ராயல் என்ஃபீல்ட். அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சட்டம் மாறி, லைசன்ஸ் எடுக்காமல் பழகுகிறவர்கள் 250 சிசிக்கு மேல் ஓட்டக் கூடாது என்றாயிற்று. கஃபே வாசலில் நிற்கும் பதினேழு வயதுப் பையனுக்கு அது பெரிய இடி. 1965-ல் ராயல் என்ஃபீல்ட் விற்ற கான்டினென்டல் ஜிடி அந்த 250 சிசி வரம்புக்குள் அடங்கியது. சிவப்பு நிற நீண்ட டேங்க், கிளிப்-ஆன், திமில் சீட் எல்லாம் ஆலையிலேயே மாட்டி வந்தது. ரம்பம் எடுக்க வேண்டியதே இல்லை.

அங்கேயே ஒரு முடிச்சும் விழுந்தது. தேவைக்காகச் செய்தது கடையில் ரெடிமேடாகக் கிடைத்தால், அப்புறம் அது தேவையா, உடுப்பா?

1969-ல் ஹோண்டாவின் சிபி750 வந்ததும் கேள்விக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. நான்கு சிலிண்டர், முன்னால் டிஸ்க் பிரேக், பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட். வாரக்கணக்கில் பட்டறையில் கிடந்து கட்டிய ட்ரைட்டன் தொட முயன்ற வேகத்தை, கடையிலிருந்து நேராக ஓட்டி வந்த வண்டி, எண்ணெய் ஒழுகாமல் தாண்டியது. ஏஸ் கஃபேவும் அதே ஆண்டு மூடப்பட்டது. அமெரிக்காவில் ஹார்லி கம்பெனி 1971-ல் சூப்பர் கிளைடு என்ற வண்டியை விட்டது; சாப்பர்காரர்கள் வீட்டில் செய்ததைப் பார்த்து வில்லி ஜி. டேவிட்சன் வடிவமைத்த ஆலைத் தயாரிப்பு. வேகத்துக்கான தேவை தீர்ந்துவிட்டது. வடிவம் மட்டும் அநாதையாக நின்றது.

அதை எடுத்து வளர்த்தது ஜப்பான். இதைப் பலர் சொல்வதில்லை. யமஹா 1978-ல் எஸ்ஆர்400 என்ற ஒற்றை சிலிண்டர் வண்டியை விட்டது. பழைய ஆங்கில வண்டி மாதிரியான தோற்றம், கிக்கர் மட்டும்தான், செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. உலகமே மாறியும் அதைப் பெரிதாக மாற்றாமல் 2021 வரை செய்துகொண்டிருந்தார்கள். டோக்கியோ பட்டறைகளுக்கு அந்த எளிமையான வண்டி வெற்றுப் பலகை மாதிரி. தட்டையான நீள சீட், தாழ்வான உடம்பு, பெரிய டயர் என்று 'பிராட்' என்ற பாணி அங்கேதான் உருவானது. 1999-ல் கவாசாகி டபிள்யூ650 வந்தது. அது 1966-ன் டபிள்யூ1 என்ற வண்டியின் நினைவாகச் செய்தது. டபிள்யூ1-ன் பூர்வீகமோ பிஎஸ்ஏ என்ற ஆங்கில வண்டி. ஆங்கிலேயரிடமிருந்து ஜப்பான் கற்றதை, ஜப்பானே மறுபடி நினைவுகூர்ந்தது.

பிறகு 2006-ல் சிட்னியில் டேர் ஜென்னிங்ஸ் என்பவர் டியஸ் எக்ஸ் மாக்கினா என்ற கடையைத் தொடங்கினார். பைக் பட்டறை, துணிக்கடை, காபிக் கடை, அலைச்சறுக்குப் பலகை எல்லாம் ஒரே கூரையின் கீழ். அவர் கட்டியவற்றில் பல எஸ்ஆரும் டபிள்யூ650-யும்தான். அந்த வண்டிகளின் படங்கள் இணையத்தில் ஓடிய ஓட்டத்தில் ஒரு தலைமுறைக்கே ஆசை பற்றிக்கொண்டது. ஐரோப்பாவில் யாரும் சீண்டாமல் கிடந்த பழைய ஹோண்டா சிபிக்களும் 80களின் பிஎம்டபிள்யூக்களும் கொட்டகைகளிலிருந்து வெளியே வந்தன.

படங்களால் பரவியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரெட்ரோ கஸ்டம் வண்டியின் படத்தை எப்போதும் நேர்ப்பக்கவாட்டில்தான் எடுப்பார்கள். பின்னால் ஒரு செங்கல் சுவர். உள்ளங்கை அளவுத் திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவன் கண்ணிலும் அந்த எலும்புக் கோடு ஒரு நொடியில் பதிந்துவிடும். இதனால் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. பக்கவாட்டில் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பல வண்டிகள் கட்டப்பட்டன. இரண்டு அங்குலப் பஞ்சு வைத்த சீட், பள்ளத்தில் மட்கார்டை இடிக்கும் டயர், எங்கேயும் திரும்பாத ஹேண்டில். படத்தில் அற்புதம். ஓட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டும் முதுகும் சொல்லிவிடும்.

பெரிய கம்பெனிகள் சும்மா இருக்குமா? ட்ரையம்ஃப் 2001-லேயே பானவில்லைத் திரும்பக் கொண்டுவந்திருந்தது. பிஎம்டபிள்யூ 2013-ல் ஆர் நைன்டி என்ற வண்டியை விட்டபோது, பின்பக்க ஃப்ரேமை வெட்டத் தேவையில்லாமல் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடும்படி செய்தது. கஸ்டம் செய்கிறவன் என்ன செய்வான் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த வண்டி. அடுத்து டுகாட்டி தன் அறுபதுகளின் ஸ்கிராம்ப்ளர் பெயரைத் தூசி தட்டியது.

இந்த வரிசையில் என் மனதைத் தொட்ட ஒரு சின்ன விஷயம் ட்ரையம்ஃப் பானவில்லில் இருக்கிறது. புகைக் கட்டுப்பாடு இறுகியதால் அதற்குக் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வர வேண்டியதாயிற்று. வந்த இன்ஜெக்‌ஷன் பாகத்தை ட்ரையம்ஃப் பொறியாளர்கள் வெளியே பார்த்தால் கார்புரேட்டர் மாதிரியே தெரியும்படி வார்த்தார்கள். 2016-ல் இன்ஜின் தண்ணீரில் குளிரும் இன்ஜினானது. காற்றில் குளிரும் பழைய இன்ஜினின் வரிவரியான துடுப்புகளை அப்போதும் எடுக்கவில்லை. இதை ஏமாற்று என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் கண் எதைத் தேடுகிறது என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

அந்தத் தேடல்தான் விஷயமே. பழைய வண்டியைப் பார்த்தால் அது எப்படி ஓடுகிறது என்று கண்ணாலேயே படித்துவிடலாம். இங்கே பெட்ரோல் இருக்கிறது, இந்தக் குழாய் வழியாக இறங்குகிறது, இதில் காற்றோடு கலக்கிறது, இங்கே வெடிக்கிறது, இந்தத் துடுப்புகளில் சூடு வெளியேறுகிறது, இந்தக் குழாயில் புகை போகிறது. ஒவ்வொரு பாகமும் தன் வேலையை வெளிப்படையாகச் சொல்கிறது. இன்று நம்மைச் சுற்றி இருக்கும் பொருள்களில் அப்படிப் படிக்க முடிகிறவை எத்தனை? போனைத் திறக்க முடியாது. காரின் பானெட்டைத் தூக்கினால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு ரெட்ரோ வண்டி தருவது இந்தப் படிக்கும் சந்தோஷத்தைத்தான் என்று நம்புகிறேன். படிக்க முடிந்தால் கை வைக்கவும் தோன்றும். கை வைக்கத் தோன்றுவதுதான் கஸ்டம்.

சென்னை இந்தக் கதைக்குள் வருவது வேறு வாசல் வழியாக.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கின. ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் 350 சிசி புல்லட் தேவைப்பட்ட காலம் அது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே கோக்கப்பட்டன; பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து சேர, திருவொற்றியூரிலேயே முழு வண்டியும் பிறந்தது. 1970-ல் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூச்சை நிறுத்தியது. திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. அதே ஃப்ரேம், அதே இரும்பு சிலிண்டர், வலது காலில் அதே கியர். 1977-ல் அந்த வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆக ஆரம்பித்தது. மற்ற ஊர்க்காரர்கள் ரெட்ரோவைத் திரும்ப உருவாக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் அது நிற்கவே இல்லை. புல்லட்டை யாரும் ரெட்ரோ என்று சொன்னதில்லை. போலீஸ்காரர் வண்டி, பால்காரர் வண்டி, மிராசுதார் வண்டி என்றுதான் சொன்னார்கள்.

தேவைக்காக வண்டியை அறுத்து ஒட்டும் கலையும் இங்கே எப்போதும் இருந்தது. குஜராத்தின் சௌராஷ்டிரத்தில் புல்லட்டின் முன்பாதியோடு டீசல் இன்ஜினையும் பின்னால் ஒரு பெரிய தொட்டியையும் சேர்த்து 'சக்கடா' என்ற மூன்று சக்கர வண்டி செய்தார்கள். ஆளும் மூட்டையும் ஏறிப் போகும். காசிமேட்டிலிருந்து மீன் கூடை ஏற்றிப் போகும் மீன்பாடி வண்டியில் பழைய இன்ஜினைப் பொருத்தி ஓட்டுவதும் இதே புத்திதான். இவற்றைப் படம் எடுத்து யாரும் சுவரில் மாட்டவில்லை. ஆனால் பாபரும் கஃபே ரேசரும் பிறந்த அதே நியாயத்தில் பிறந்தவை இவை. கஸ்டம் வண்டி வரலாற்றில் இவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

புல்லட் ரெட்ரோ ஆனது 2009-ல். ஐஷர் குழுமத்தின் சித்தார்த்த லால் கையில் எடுத்த ராயல் என்ஃபீல்ட், புது இன்ஜினோடு கிளாசிக் என்ற மாடலை விட்டது. உருண்ட டேங்க், ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட், 1940களின் சாயல். உள்ளே எண்ணெய் ஒழுகாத இன்ஜின், இடது காலில் கியர், பட்டன் ஸ்டார்ட். 2010 வாக்கில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் வண்டி விற்ற கம்பெனி, 2024-25 நிதியாண்டில் பத்து லட்சத்தைத் தாண்டியது. 2013-ல் கான்டினென்டல் ஜிடி என்ற பழைய பெயரும் 535 சிசி இன்ஜினோடு திரும்பி வந்தது. அதன் ஃப்ரேம் இங்கிலாந்தின் ஹாரிஸ் பர்ஃபாமன்ஸ் என்ற கம்பெனியின் வேலை. 2018-ல் 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகள் வந்தன. ஜாவா, யெஸ்டி, ஹோண்டா, ட்ரையம்ஃப், ஹார்லி என்று பிறகு எல்லோருமே இந்தச் சந்தைக்குள் வந்துவிட்டார்கள். ஜாவாவின் பெராக்கில் வெட்டிய மட்கார்டும் ஒற்றை சீட்டும் கம்பெனியே தருகிறது.

திருவொற்றியூர் ஆலையில் டேங்க்கின் மேல் தங்க நிறக் கோடுகளை ஸ்டிக்கர் ஒட்டாமல் கையால் இழுத்துப் பழகியவர்கள் உண்டு. தலைமுறையாக வந்த வேலை. நீள மயிர் கொண்ட தூரிகையைப் பெயிண்டில் தோய்த்து, டேங்க்கின் வளைவை ஒட்டி ஒரே மூச்சில் கையை நகர்த்துவார்கள். அளவுகோல் கிடையாது. கோடு முடியும் இடத்தில் தூரிகையை எடுப்பதில்தான் சூட்சுமம். அங்கே தயங்கினால் சொட்டு நின்றுவிடும். ரெட்ரோ என்ற சொல்லுக்கு எனக்குப் பிடித்த விளக்கம் அந்தக் கோடு.

சரி, இப்போது ஒருவர் தன் வண்டியை இப்படி மாற்ற நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதைத் தொட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மிக முக்கியம், சாய்வு. விமான நிலையத்தில் பெட்டி தள்ளும் டிராலியின் முன்சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் தரையைத் தொடும் இடம், அது திரும்பும் அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். அதனால்தான் தள்ளும்போது தானாக நேராகிறது. பைக்கின் முன்சக்கரமும் அப்படித்தான். ஃபோர்க்கின் சாய்வால் அந்த இடைவெளி அமைகிறது. வண்டி தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று பின் ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்கினால் ஃபோர்க் மேலும் சாயும், இடைவெளி கூடும், திருப்புவதற்குக் கனக்கும். முன்பக்கத்தை இறக்கினால் இடைவெளி குறையும். கேட்டவுடன் திரும்பும், ஆனால் வேகத்தில் ஹேண்டில் நடுங்க வாய்ப்பு உண்டு. சாப்பர் நேர்ச்சாலையில் கப்பல் மாதிரி போவதும், மெதுவாகத் திருப்பும்போது முன்சக்கரம் ஒரு பக்கமாய் விழப் பார்ப்பதும் இதே கணக்கால்தான்.

அடுத்து காற்று. ஏர் ஃபில்டர் டப்பாவைத் தூக்கிவிட்டு, கார்புரேட்டரின் வாயில் கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டினால் சீட்டுக்கு அடியில் வெற்றிடம் தெரியும். பின்னால் சுவர் தெரிகிற அந்த முக்கோண வெற்றிடத்துக்காக எத்தனையோ இன்ஜின்கள் பலியாகியிருக்கின்றன. அந்த டப்பா காற்றைச் சீராக அனுப்புவதற்காக அளந்து செய்தது. அதை எடுத்தால் காற்று கூடும், பெட்ரோல் அதே அளவில் வரும். கலவை மெலிந்து இன்ஜின் கொதிக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை காபி நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம். நல்ல மெக்கானிக் இதற்கு இரண்டு மூன்று நாள் கேட்பார். கொடுங்கள்.

டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பாணியில் கட்டம் கட்டமாக வெட்டிய தடித்த டயர்கள் படத்தில் கம்பீரமாக இருக்கும். மழையில் நனைந்த தார்ச்சாலையின் வளைவில் அவற்றை நம்ப நான் தயாராக இல்லை.

பிறகு சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று போகலாம். சிலர் இதனால் கோபப்படுகிறார்கள். எனக்கும் வருத்தம் உண்டு. திறமையான கைகளுக்குச் சோதித்துச் சான்று தரும் ஒரு வழி நம் நாட்டில் இருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஃப்ரேமை அறுத்து, பயிற்சி இல்லாத கையால் வெல்டிங் வைத்த வண்டி எண்பதில் போகும்போது விட்டுப்போனால், சாவது ஓட்டியவர் மட்டுமாக இருக்காது.

சட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. கஸ்டம்காரர்கள் அநேகமாக முதலில் மீறுவது அதைத்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது. பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானம், கால் வைக்க இடம், அப்புறம் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு. அந்தத் தடுப்பை நாம் சாரி கார்டு என்கிறோம். எலும்புக் கோட்டுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. கம்பியும் தகடுமாகச் சக்கரத்தின் பக்கத்தில் தொங்கும் அதை, ஷோரூமிலிருந்து வந்த அன்றே கழற்றி வீசுகிறவர்கள் ஏராளம். லண்டன் கஃபேயில் கூடிய பையன்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. இங்கே ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து போகும் அம்மாவின் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான் பறக்கின்றன. பாபருக்கு எடை எப்படியோ, கஃபே ரேசருக்கு வேகம் எப்படியோ, அப்படி நம் ஊர் வண்டிக்கு இதுவும் ஒரு தேவை. தேவையிலிருந்துதான் ஸ்டைல் பிறக்கும் என்றால், நம்முடைய ஸ்டைல் இங்கிருந்தும் பிறக்கலாம்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வேலையின் குணமே மாறிவிட்டது. சைடு கவரைக் கழற்றினால் பின்னிப்பிணைந்த வயர்கள், சென்சார்கள், எல்லாவற்றையும் கவனிக்கும் சிறிய கணினி. சைலன்சரின் வாயில் ஆக்சிஜன் சென்சார். ஒன்றைத் தொட்டால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. 2021-ல் வந்த புது கிளாசிக்கில் கிக்கரும் இல்லை. வெளியே எவ்வளவுக்கு எவ்வளவு பழசாகத் தெரிகிறதோ, உள்ளே அவ்வளவுக்கு அவ்வளவு மூடிய வண்டி. இளைய மெக்கானிக்குகள் லேப்டாப் வைத்து இதையும் கற்றுக்கொண்டு வருகிறார்கள். ராயல் என்ஃபீல்ட் 2024-ல் விட்ட ஷாட்கன் 650-ல் பின் சீட்டைக் கழற்றினால் ஒற்றை சீட் வண்டியாகிவிடுகிறது. அறுக்காமல் மாற்றும் வழியை ஆலைகளே யோசிக்கத் தொடங்கியிருக்கின்றன.

நான் முதலில் சொன்ன பட்டறைக்குப் போன மாதம் மறுபடி போயிருந்தேன். இப்போது அவர் ஃப்ரேமில் கிரைண்டர் வைப்பதில்லை. சீட், மட்கார்டு எல்லாம் பழைய துளைகளிலேயே போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி செய்கிறார். ஸ்டாண்டில் ஒரு 350 சிசி வண்டி நின்றது. அதற்கு அவரே ஒரு சாரி கார்டு செய்திருந்தார். மெல்லிய கம்பியை நெருப்பில் காட்டி, சக்கரத்தின் வட்டத்தோடு வளைத்து, மேல் விளிம்பு சரியாக அந்த எலும்புக் கோட்டில் போய்ச் சேரும்படி வைத்திருந்தார். பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய நூல் சேலை ஒன்றைப் பின் சீட்டில் மடித்துப் போட்டு, தலைப்பைச் சக்கரத்தின் பக்கம் தொங்கவிட்டார். பையன் வண்டியை ஸ்டார்ட் செய்து முதல் கியரில் போட்டான். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. அவர் ஒரு டேபிள் ஃபேனைப் பின்னாலிருந்து திருப்பி வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, தலைப்பு கம்பிகளில் படபடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.